டிராயிங் அங்கிருந்து வருகிறது; வடிவமைப்பை இங்கே கொண்டுவர என்ன வழி?

கேள்வி: ஒரகடம் அருகே, ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்கு முழுச் சொந்தமான கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பன்னிரண்டு பேர் கொண்ட பொறியியல் பிரிவைக் கவனிக்கிறேன். டிராயிங் எல்லாம் தலைமையகத்திலிருந்து வரும். உள்ளூர் சப்ளையருக்கு ஏற்ப மெட்டீரியலை மாற்றுவது, டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கலாம் என்ற வரம்பு) பார்ப்பது, இதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். ஒரு பாகத்தையாவது இங்கேயே புதிதாக வடிவமைக்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அரசின் சலுகைகளைக் காட்டித் தலைமையகத்தைச் சம்மதிக்க வைக்க முடியுமா?

பதில்: காட்டலாம். ஆனால் வரிச்சலுகையைப் பிரசன்டேஷனின் முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தப் போட்டியில் இந்தியா இப்போது பின்தங்கித்தான் இருக்கிறது.

சொந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சிக்கு நூறு ரூபாய் செலவழித்தால், வருமானத்திலிருந்து இருநூறு ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு காலம் இருந்தது. 2017 ஏப்ரலிலிருந்து அது நூற்றைம்பதானது. 2020 ஏப்ரலிலிருந்து வெறும் நூறு. வாடகை, கரன்ட் பில் போல ஆராய்ச்சியும் ஒரு செலவு, அவ்வளவுதான். ஆய்வகக் கருவிகளுக்கான செலவையும் அதே ஆண்டில் முழுதாகக் கழிக்கலாம் என்பது மட்டும் கொஞ்சம் ஆறுதல். அயர்லாந்து 2004இல் 20 சதவீத வரி வரவோடு, அதாவது ஆராய்ச்சிச் செலவில் அந்தப் பங்கைக் கட்டவேண்டிய வரியிலேயே கழித்துக்கொள்ளும் சலுகையோடு, ஆரம்பித்தது. 2024இல் அது 30 சதவீதமாகிவிட்டது. கட்டவேண்டிய வரியே இல்லை என்றாலும் தவணை முறையில் பணமாகவே கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் தலைமையகத்தின் நிதி அதிகாரி இதையெல்லாம் விரல்நுனியில் வைத்திருப்பார். அவரிடம் வரிக்கணக்கு பேசி ஜெயிக்க முடியாது.

அப்புறம் எதைக் காட்டுவது? அவர்களுடைய ரெடிமேட் தயாரிப்பு இந்தியாவின் விதிகளுக்குள் பொருந்தாத இடத்தைக் காட்டுங்கள். வெளிநாட்டு நிறுவனங்களை இங்கே உட்கார்ந்து யோசிக்க வைத்ததில் வரிக்கழிவைவிடச் சந்தை விதிகளுக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

உங்கள் துறையிலேயே உதாரணம் இருக்கிறது. 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டர் நீளத்துக்கு மிகாமலும் பெட்ரோல் என்ஜின் 1200 சிசி, டீசல் என்ஜின் 1500 சிசிக்கு உட்பட்டும் இருக்கும் கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. ஆராய்ச்சிக்கு என்று அரசு ஒரு பைசா தரவில்லை. ஆனால் உலகச் சந்தைக்குப் போட்ட வண்டியை அப்படியே இறக்கினால் விலையில் அடிபடும் என்ற நிலை வந்துவிட்டது. ஐரோப்பாவுக்கு 1.6 லிட்டர் டீசல் என்ஜின் வைத்திருந்த ஹோண்டா, இந்திய அமேஸுக்காக 1.5 லிட்டரில் ஒன்றை உருவாக்கி 2013இல் கொண்டுவந்தது. ஹூண்டாய் எக்ஸென்ட்டும் ஃபோர்டின் ஆஸ்பையரும் அந்த நான்கு மீட்டருக்குள் செடானை அடக்கின. பின்பக்கத்தைக் கத்தரித்தது போன்ற அந்த டிக்கிகளை அழகு என்று நான் சொல்லமாட்டேன். விதி நீளத்தைப் பார்த்தது, பொறியாளர்களின் மூளையும் மில்லிமீட்டர்களில் செலவானது. எரிபொருள் சிக்கனத்தை அளவுகோலாக வைத்திருந்தால் வேறு மாதிரி வண்டிகள் வந்திருக்கும். எப்படியோ, வேலை இங்கே வந்தது.

தலைமையகத்துக்குச் சொல்ல இன்னும் பொருத்தமான கதை ரெனோ க்விட். சென்னையில் ஒரு குழுவை உட்காரவைத்து, உள்ளூர் சப்ளையர்களோடு பாகம் பாகமாக விலையைக் குறைத்து 2015இல் சந்தைக்கு விட்டார்கள். அதே கார் பிறகு பிரேசிலில் தயாரானது. அதன் மின்சார வடிவம் சீனா வழியாக டாசியா ஸ்பிரிங் என்ற பெயரில் ஐரோப்பாவுக்கே போனது. ‘இந்தியாவுக்காக மட்டும் எதற்கு இவ்வளவு செலவு?’ என்று கேட்பவருக்கு இதுவே பதில்.

ஆகவே முதலில் ஒரே ஒரு பாகத்தைத் தேர்ந்தெடுங்கள். இங்குள்ள வெயில், தூசி, வாகனப் புகைக்கான பி.எஸ் 6 விதி, வாடிக்கையாளர் கேட்கும் விலை இவற்றில் ஏதோ ஒன்றால் ஐரோப்பிய டிராயிங் திணறும் பாகமாக அது இருக்கட்டும். வாரன்டியில் திரும்பி வந்த பாகங்களின் பட்டியல் உங்களிடம்தானே இருக்கிறது? அங்கிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது, ஆள். பன்னிரண்டு பேரை வைத்துக்கொண்டு ஆய்வகம் கேட்டால் சிரிப்பார்கள். தரமணியில் உள்ள ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவை ஒருமுறை போய்ப் பாருங்கள். அங்கே இடம் எடுக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. பேராசிரியர்களோடு கூட்டு ஆராய்ச்சி, மாணவர்களுக்குப் பயிற்சி என்று ஐஐடியோடு சேர்ந்து வேலை செய்து கிரெடிட் எனப்படும் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். மானியத்தை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்ளும் வழக்கத்துக்கு அந்த நிபந்தனை நல்ல மருந்து. இடம் எடுக்க பட்ஜெட் இல்லையென்றால் ஒரு பேராசிரியரோடு ஒரு சிறிய கூட்டுத் திட்டம் போதும்.

சப்ளையர்களையும் மறக்காதீர்கள். சிங்கப்பூர் 1986இல் ஆரம்பித்த உள்ளூர்த் தொழில் மேம்பாட்டுத் திட்டத்தில், பன்னாட்டு நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் உள்ளூர் சப்ளையர்களைக் கைதூக்கிவிடுவார். அவர் சம்பளத்தை அரசு ஏற்றுக்கொண்டது. உங்களுக்கு அப்படி யாரும் தரப்போவதில்லை. இருந்தாலும் புரோட்டோடைப்பை ஒரு வாரத்தில் செய்து தரும் அம்பத்தூர் டூல் ரூம் (அச்சு, கருவிகள் செய்யும் பட்டறை) ஒன்றின் பெயர் உங்கள் திட்டத்தில் இருந்தால் அது கனமான வாதம்.

மாநில அரசிடம் கேட்கவும் இடமுண்டு. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொந்த வேலைகளுக்காக இங்கே நடத்தும் உலகளாவிய திறன் மையங்களுக்கு, மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சம்பளமுள்ள புதிய வேலைகளுக்கு முதல் ஆண்டு 30, அடுத்து 20, பிறகு 10 சதவீதம் என்று சம்பள மானியத்தைத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. உங்கள் அளவுள்ள குழு அதில் வருமா என்பதை மாநில அரசின் முதலீட்டு ஊக்குவிப்பு அமைப்பான ‘கைடன்ஸ் தமிழ்நாடு’ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சம்மதம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உரிமை யாருக்கு என்ற சண்டையை முதல் திட்டத்திலேயே போடாதீர்கள். பெரும்பாலும் ஆராய்ச்சியைச் செய்து தரும் ஒப்பந்தமாக எழுதி, செலவோடு ஒரு லாப விகிதம் சேர்த்துத் தருவார்கள். காப்புரிமை அவர்களுக்குப் போகும். இந்தியாவில் உருவாகி இங்கே பதிவான காப்புரிமையின் ராயல்டிக்கு 10 சதவீத வரி என்ற சலுகை அப்போது உங்களுக்கு இல்லை. பரவாயில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: முக்கிய முடிவுகள் எல்லாவற்றையும் இங்கே எடுத்துவிட்டு, ரிஸ்க் மட்டும் தலைமையகத்துடையது என்று காகிதத்தில் காட்டினால், லாபமும் இங்கேதான் வரவேண்டும் என்று வருமான வரித்துறை கேட்கும். யார் எப்போது எதை முடிவு செய்தார்கள் என்பதற்கு மீட்டிங் மினிட்ஸ் வைத்திருங்கள்.

இன்னொன்றைப் பலர் கோட்டைவிடுகிறார்கள். இந்தியாவில் வசிப்பவர் கண்டுபிடிப்பாளராக இருந்தால், காப்புரிமை விண்ணப்பத்தை நேராக மூனிக்கில் உள்ள ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் போட முடியாது. முதலில் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். அல்லது இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஃபார்ம் 25 கொடுத்து, வெளிநாட்டில் விண்ணப்பிக்க அனுமதி வாங்க வேண்டும். அனுமதி வழக்கமாக மூன்று வாரத்தில் வந்துவிடும். மீறினால் இந்திய விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும், தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. ஐரோப்பிய வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். முதல் டிராயிங் போடுவதற்கு முன்பே அவருக்கு ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.