பம்பாயின் குவீனி, ஹாலிவுட்டின் மெர்ல் ஓபரான்: கேள்வி பதில்

1930களிலும் 40களிலும் ஹாலிவுட்டில் கொடிகட்டிப் பறந்த கதாநாயகிகளில் ஒருவர் மெர்ல் ஓபரான். அவரைப் பற்றிக் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்திருக்கின்றன. அவருடைய படங்களை இருபது வருடங்களுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிறவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கோவையிலிருந்து): சார், மெர்ல் ஓபரான் ஆஸ்திரேலியாக்காரர் என்று ஒரு பழைய சினிமாப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இப்போது இந்தியாவில் பிறந்தவர் என்கிறார்கள். எது சரி?

பம்பாயில் பிறந்தவர். 1911 பிப்ரவரி 19. பெயர் எஸ்டெல் மெர்ல் ஓபிரையன் தாம்ப்ஸன். அதே வருடம்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் ராணி மேரியும் இந்தியா வந்தார்கள். அந்த ராணியின் நினைவாக வீட்டில் அவருக்கு ‘குவீனி’ என்று செல்லப்பெயர்.

உங்கள் புத்தகத்தை எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான டாஸ்மேனியாவில், ஹோபார்ட் நகரத்தில் பிறந்தவர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியின் மகள், அப்பா இறந்தபின் இந்தியாவில் உறவினர்களிடம் வளர்ந்தவர் என்றுதான் சினிமாக் கம்பெனி உலகத்துக்குச் சொன்னது. அவரும் நாற்பது வருடங்களுக்கு மேல் அதையே சொன்னார். 1979-ல் அவர் இறந்து நான்கு வருடம் கழித்து வந்த ஒரு வாழ்க்கை வரலாற்று நூல்தான் இந்தியப் பிறப்பை வெளியே கொண்டுவந்தது.

கேள்வி: பொய் சொல்வதென்று முடிவானபின் லண்டன் என்றே சொல்லியிருக்கலாமே? ஏன் டாஸ்மேனியா?

லண்டன் என்றால் எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம் என்று நாலு பேர் விசாரிப்பார்கள். டாஸ்மேனியா இங்கிலாந்துக்கும் தூரம், அமெரிக்காவுக்கும் தூரம். அதே நேரத்தில் பிரிட்டிஷ் வெள்ளையர்களின் ஊர் என்று எல்லோரும் நம்பிய இடம். அந்தக் காலத்தில் யார் கப்பலேறிப் போய்ப் பதிவேட்டைப் புரட்டப் போகிறார்கள்? இத்தனைக்கும் ஹோபார்ட்டில் உண்மையாகவே பிறந்த ஹாலிவுட் நட்சத்திரம் ஒருவர் உண்டு: எர்ரல் ஃபிளின்.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து): அண்ணா, அவருடைய குடும்பம் இலங்கையைச் சேர்ந்தது, தமிழ் இரத்தம் உண்டு என்று ஒரு செய்தி சுற்றுகிறது. உண்மையா?

பாதி உண்மை தம்பி. அவரை வளர்த்த சார்லட் செல்பி இலங்கையிலிருந்து வந்தவர். ஐரோப்பியரும் உள்ளூர்க்காரரும் கலந்த யுரேசியக் குடும்பம். நியூசிலாந்தின் மாவோரி வம்சமும் அதில் உண்டு என்று சொல்வார்கள். தமிழ் வம்சம் என்பதற்கு நான் படித்த எதிலும் ஆதாரம் இல்லை. அந்தச் செய்தியைப் பகிராதீர்கள். வாழும்போது ஒரு பொய்ப் பிறப்பைச் சுமந்தவருக்கு நாம் இன்னொன்றைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: ‘வளர்த்த’ என்கிறீர்களே, சார்லட் அவருடைய அம்மா இல்லையா?

இல்லை, பாட்டி. சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ்தான் பெற்ற தாய். குழந்தை பிறந்தபோது கான்ஸ்டன்ஸுக்கு வயது 12 என்கிறார்கள், 14 என்று சொல்பவர்களும் உண்டு. தந்தை, சார்லட்டோடு வாழ்ந்த ரயில்வே பொறியாளர் ஆர்தர் தாம்ப்ஸன். அந்தச் சிறுமிக்கு நடந்தது கொடுமை, அதற்கு வேறு பெயர் கிடையாது. ஊர் வாய்க்குப் பயந்து பாட்டியே அம்மாவானார், பெற்றவள் அக்காவானாள். குவீனி அப்படித்தான் வளர்ந்தார்.

பிற்காலத்தில் கான்ஸ்டன்ஸின் மகன் ஒருவர் பம்பாயில் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தார். மெர்லைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் வரை போனார். அவர் பார்க்க மறுத்துவிட்டார். அந்த மனிதர் அதற்காகக் கோபப்பட்டு ரகசியத்தைப் போட்டுடைக்கவில்லை. 2002-ல் வந்த ஆஸ்திரேலிய ஆவணப்படம் ஒன்றில்தான் அதைச் சொன்னார். இந்தக் கதையில் நான் மிகவும் மதிப்பது அவரைத்தான்.

கேள்வி: சினிமாவுக்கு எப்படி வந்தார்?

1917-ல் குடும்பம் கல்கத்தாவுக்குப் போனது. லா மார்ட்டினியர் பள்ளியில் உதவித்தொகையில் சேர்ந்தார். அங்கே கலப்பினம் என்ற கேலி தாங்காமல் நின்றுவிட்டார். அப்புறம் டெலிபோன் ஆபரேட்டர் வேலை, அமெச்சூர் நாடகம், சௌரங்கியில் ஃபிர்ப்போஸ் உணவகத்தில் நடனம். அங்கே பென் ஃபின்னி என்ற முன்னாள் நடிகர் பழக்கமானார். ஒரு நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது கறுத்த நிறத்தில் சார்லட்டைப் பார்த்தார். அன்றோடு காதல் முடிந்தது. ஆனால் பிரான்சுக்கு வந்தால் நீஸ் நகரத்தில் இயக்குநர் ரெக்ஸ் இங்க்ராமிடம் அறிமுகப்படுத்துகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். பாட்டியும் பேத்தியும் அதை நம்பிக் கப்பலேறினார்கள்.

அங்கிருந்து லண்டன். சின்னச் சின்ன வேடங்களுக்குப் பிறகு தயாரிப்பாளர் அலெக்சாண்டர் கோர்டா கண்ணில் பட்டார். 1933-ல் ‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஹென்றி எய்ட்’ படத்தில் தலை வெட்டப்படப் போகும் ராணி ஆன் போலினாக வந்தார். சில நிமிடங்கள்தான். அதுவே போதுமாக இருந்தது.

கேள்வி: கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறந்த மண்ணையும் பெற்றவர்களையும் மறைத்தவரை நாம் ஏன் கொண்டாட வேண்டும்?

கோபமில்லை, நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நினைத்தேன். அன்றைய அமெரிக்கச் சட்டங்களைப் படித்தபின் அப்படி நினைக்க முடியவில்லை.

1917-ல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தியா உள்பட ஆசியாவின் பெரும்பகுதியைத் தடை செய்யப்பட்ட பகுதியாக்கியது. 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியின் வழக்கில், இந்தியர் ‘வெள்ளையர்’ அல்ல, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946 வரை அந்தக் கதவு திறக்கவில்லை. கலிபோர்னியாவில் வெள்ளையர் வேற்றினத்தவரை மணப்பதற்கு இருந்த தடை 1948-ல்தான் விழுந்தது. சினிமாவின் தணிக்கை விதிகளோ திரையில்கூட இனக்கலப்புக் காதலைத் தடுத்தன. எழுத்தில் கறுப்பர் வெள்ளையர் என்றிருந்தாலும் நடைமுறையில் ஆசியர்களுக்கும் அதே கதிதான். அன்னா மே வாங் என்ற சீன அமெரிக்க நடிகையைப் பாருங்கள். 1937-ல் சீன விவசாயக் குடும்பத்தைப் பற்றிய ‘தி குட் எர்த்’ படம் வந்தது. நாயகனாக வெள்ளைக்காரர் பால் முனி நடித்ததால், சீனக் கதாநாயகி வேடம்கூட அவருக்குக் கிடைக்காமல் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னருக்குப் போனது. திறமையில் குறைந்தவரல்ல அன்னா மே. பிறப்பை மறைக்க முடியாதவர், அவ்வளவுதான்.

மெர்ல் உண்மையைச் சொல்லியிருந்தால் கதாநாயகியாக ஒரு படம்கூட நடித்திருக்க மாட்டார். பொய் சொல்லச் சொன்ன சட்டத்தை விட்டுவிட்டு, பொய் சொன்ன பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை என்பதே என் கருத்து.

கேள்வி (ஒளிப்பதிவு மாணவி): கேமராவோடு பொருத்தும் ‘ஓபி’ லைட் அவர் பெயரில்தான் வந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். கட்டுக்கதையா சார்?

உண்மைதான் அம்மா. 1937-ல் லண்டனில் நடந்த கார் விபத்தில் அவர் முகத்தில் காயம். சார்லஸ் லாட்டனோடு நடித்துக்கொண்டிருந்த ‘ஐ, கிளாடியஸ்’ படமே அதோடு கைவிடப்பட்டது. 1940-ல் அழகுசாதனப் பொருட்களின் நச்சும் சல்ஃபா மருந்தின் ஒவ்வாமையும் சேர்ந்து தோலைக் கெடுத்தன. தோலைச் சுரண்டும் சிகிச்சையும் முழுதாகக் கைகொடுக்கவில்லை.

1944-ல் ‘தி லாட்ஜர்’ எடுத்தபோது ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட் லென்சை ஒட்டி ஒரு சின்ன விளக்கை வைத்தார். வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால் தழும்பின் குழியில் நிழல் விழும். லென்ஸ் பார்க்கும் திசையிலேயே வெளிச்சமும் போனால் நிழல் விழ இடமில்லை. கூடவே முகம் இன்னும் வெளுப்பாகவும் தெரியும். அடுத்த வருடம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

கேள்வி: மொத்தம் எத்தனை திருமணம்?

நான்கு. கோர்டா, பல்லார்ட், இத்தாலியில் பிறந்த தொழிலதிபர் புரூனோ பல்யாய், கடைசியாக நடிகர் ராபர்ட் வோல்டர்ஸ். கோர்டாவுக்கு 1942-ல் சர் பட்டம் கிடைத்தபோது கல்கத்தா டெலிபோன் ஆபரேட்டர் லேடி கோர்டா ஆனார்.

கேள்வி: ‘வுதரிங் ஹைட்ஸ்’ படப்பிடிப்பில் கதாநாயகன் லாரன்ஸ் ஒலிவியேவுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாதாமே?

ஆகவில்லைதான். ஒலிவியே, தான் காதலித்த விவியன் லீ நாயகியாக வர வேண்டும் என்று நினைத்தார். தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின் மெர்லைப் போட்டார். விவியன் லீயும் இந்தியாவில், டார்ஜிலிங்கில் பிறந்தவர் என்பதை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. படத்தின் கடைசியில் நாயகன், நாயகி இருவரின் ஆவிகளும் கைகோத்து நடக்கும் காட்சி கோல்ட்வின் பிடிவாதமாகக் கேட்டது. இயக்குநர் வில்லியம் வைலர் எடுக்க மறுத்துவிட்டார். வேறு ஆளை வைத்து, டூப் போட்டு எடுத்தார்கள். நாம் கண்கலங்கிப் பார்க்கும் அந்த முதுகுகள் அவர்களுடையவை அல்ல.

கேள்வி: முதல் ஆசிய ஆஸ்கர் நாயகி இவரா, மிஷெல் யோவா?

‘தி டார்க் ஏஞ்சல்’ படத்துக்காக 1936 விழாவில் மெர்ல் சிறந்த நடிகைப் பட்டியலில் இருந்தார். விருது பெட்டி டேவிஸுக்குப் போனது. ஆகவே பட்டியலில் இடம்பெற்ற முதல் ஆசிய வம்சாவளி நடிகை மெர்ல். தன்னை ஆசியர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு நின்றவர்களில் முதல்வர் மலேசிய நடிகை மிஷெல் யோ, 2023-ல் வென்றும் காட்டினார். இடையில் 87 வருடங்கள்.

கேள்வி: வளர்த்தவரையே வேலைக்காரி என்று சொன்னாராமே? அதைக் கேட்டபின் மனசு ஒப்பவில்லை.

லண்டன் வீட்டில் விருந்தினர் வரும்போது சார்லட் பணிப்பெண்ணாக இருந்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. எனக்கும் இந்த இடம் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையும் கேளுங்கள். சார்லட் 1937-ல் இறந்துபோனார். 1949-ல், ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து அவரை ஓவியமாக வரையச் சொன்னார் மெர்ல். நிறத்தை மட்டும் வெளுப்பாக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எந்த ஊரில் வீடு வைத்தாலும், கடைசி நாள் வரை அந்தப் படம் சுவரில் இருந்தது. அந்த நிறத்தோடு மட்டும்தான் அம்மாவை வீட்டின் முன்கூடத்தில் வைக்க முடிந்தது அவரால்.

கேள்வி: டாஸ்மேனியாக்காரர்களுக்கு ஒரு தடவைகூடச் சந்தேகம் வரவில்லையா?

வரவில்லை, அவர்கள் கொண்டாடினார்கள். செயிண்ட் ஹெலன்ஸ் ஊரில் ஒரு சீன வம்சாவளிப் பெண்ணுக்குப் பிறந்தவர் இவர் என்று அங்கே தனியாக ஒரு கதையே வளர்ந்திருந்தது. உண்மை வெளிவந்தபிறகும் சிலர் அதை விடவில்லை. 1978-ல் அவர் ஹோபார்ட் போனபோது நகர மேயர் வரவேற்பு கொடுத்தார். ‘எங்கள் ஊர்ப் பெண்’ என்று கூடியிருந்தவர்கள் முன்னால், தான் அங்கே பிறக்கவில்லை என்று சொல்லிவிட்டு, உடம்பு சரியில்லை என்று கிளம்பிவிட்டார். அடுத்த வருடம் நவம்பர் 23 அன்று மாலிபுவில் பக்கவாதத்தால் இறந்தார்.

கேள்வி: அவர் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

எல்லோரும் ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்பார்கள். நான் 1936-ல் வைலர் எடுத்த ‘தீஸ் த்ரீ’யைச் சொல்வேன். ஒரு பள்ளிச் சிறுமி சொல்லும் பொய்யால் வாழ்க்கை குலைந்துபோகும் ஆசிரியையாக நடித்திருப்பார். அதட்டலோ அழுகையோ அதிகமில்லாமல், கேட்டுக்கொண்டிருக்கும்போதே முகம் மாறும். அவருக்கு நடிக்கத் தெரியாது, அழகு மட்டும்தான் என்று சொல்பவர்களுக்கு நான் இந்தப் படத்தைத்தான் கொடுப்பேன்.