35 வயதுக்குப் பிறகு கர்ப்பம்: குரோமோசோம் குறித்த கேள்விகளும் பதில்களும்

தாமதமாகக் கருவுற்ற பெண்களும், டவுன் சிண்ட்ரோம் (மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் 21ஆவது, இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும் பிறவி நிலை) உள்ள குழந்தைகளின் பெற்றோரும் குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து அனுப்பிய கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

தக்கலையிலிருந்து ஒரு சகோதரி: எனக்கு 38 வயது. கணவர் வளைகுடாவில் வேலை பார்த்ததால் குழந்தைப்பேறு தள்ளிப்போனது. இப்போது எட்டு வாரம். இந்த வயதில் பெற்றால் பிள்ளைக்கு மூளை வளர்ச்சி இருக்காது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லித் தூக்கமே போய்விட்டது. இது உண்மையா டாக்டர்?

வயது கூடக் கூட டவுன் சிண்ட்ரோமுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. உங்கள் குழந்தைக்கு அப்படி இருக்கும் என்பது உண்மையன்று. 25 வயதுத் தாய்க்கு டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு சுமார் 1250இல் ஒன்று. 30 வயதில் சுமார் 900இல் ஒன்று. 35 வயதில் 350இல் ஒன்று. 40 வயதில் 100இல் ஒன்று. 45 வயதில் 30இல் ஒன்று. உங்கள் வயதில் அது ஏறத்தாழ 180இல் ஒன்றாகும். அதாவது உங்கள் வயதுள்ள 180 தாய்மார்களில் 179 பேருக்கு டவுன் சிண்ட்ரோம் இல்லாத குழந்தையே பிறக்கும். பெரியவர்கள் இந்த 179ஐச் சொல்வதில்லை.

காரணத்தையும் அறிந்துகொள்ளுங்கள். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகி, குரோமோசோம்கள் பாதி பிரிந்தும் பிரியாமலும் உள்ள ஒரு நிலையில் நின்றுவிடுகின்றன. பருவமெய்திய பின் மாதந்தோறும் முதிரும் முட்டையில்தான் அந்தப் பிரிவு தொடர்கிறது. அதனால் 38 வயதில் வெளிப்படும் முட்டை 38 ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த முட்டை. குரோமோசோம் இணைகளைப் பிணைத்து வைத்திருக்கும் புரதங்கள் அந்தக் காலத்தில் தளர்ந்துபோவதால், சில முட்டைகளில் 21ஆம் இணை சரியாகப் பிரியாமல் இரண்டுமே ஒரே முட்டைக்குள் தங்கிவிடுகின்றன. தந்தையிடமிருந்து ஒன்று சேரும்போது மொத்தம் மூன்றாகிறது. நீங்கள் உண்ட பப்பாளியோ, கிரகண நேரத்தில் வெளியே போனதோ, பார்த்த வேலையோ இதற்குக் காரணமில்லை.

இப்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மூன்று மாதம் முடியும் வரை கர்ப்பத்தை வெளியே சொல்லக் கூடாது என்ற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கருவின் பின்கழுத்தில் உள்ள நீரின் தடிமனை அளக்கும் என்.டி. ஸ்கேன் எடுக்க வேண்டிய காலமோ 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை மட்டுமே. உறவினருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். கிராம சுகாதார செவிலியரிடம் இந்த வாரமே பதிவு செய்துகொண்டு, ஸ்கேனுக்கு நாள் குறித்துவிடுங்கள். உங்கள் வயதில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடுவதற்கான வாய்ப்பும் அதிகம் என்பதால், குறைந்த அளவு ஆஸ்பிரின் தேவையா என்பதையும் 12ஆவது வாரத்தையொட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். 16 வாரத்துக்குப் பின் தொடங்கினால் அதன் பயன் குறைவு.

கருங்கல்லிலிருந்து: வயது 27. என்.டி. ஸ்கேன் நன்றாக இருக்கிறது. ஆனால் டபுள் மார்க்கர் ரிப்போர்ட்டில் 1:150 என்று சிவப்பு எழுத்தில் ‘ஹை ரிஸ்க்’ என்று வந்திருக்கிறது. குழந்தைக்கு நோய் இருப்பது உறுதியாகிவிட்டதா?

இல்லை. டபுள் மார்க்கர் என்பது வடிகட்டும் பரிசோதனை. நோயைக் கண்டறியும் பரிசோதனை அன்று. தாயின் ரத்தத்தில் உள்ள பாப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்னும் இரண்டு பொருள்களின் அளவையும் வயதையும் என்.டி. அளவையும் சேர்த்துக் கணினி ஒரு வாய்ப்பைக் கணக்கிடுகிறது. அந்த 150இல் 149 உங்கள் பக்கம் இருக்கிறது. கர்ப்பத்தின் வாரக் கணக்கு, உங்கள் எடை, இரட்டைக் குழந்தையா, சர்க்கரை நோய் உண்டா ஆகிய தகவல்களில் ஒன்று தவறினாலும் விடை மாறிவிடும் என்பதால், ஆய்வகத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்தில் இவை சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த பரிசோதனைக்குப் போவதே முறை. இந்த ஒரு தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கருக்கலைப்பைப் பற்றிப் பேசும் எவர் சொல்லையும் ஏற்காதீர்கள். அவர் யாராக இருந்தாலும் சரி.

நாகர்கோவிலிலிருந்து: என்.ஐ.பி.டி. பரிசோதனை 99 சதவீதம் துல்லியமானது என்கிறார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவாகிறது. அதில் ‘பாசிட்டிவ்’ வந்தால் முடிவு எடுத்துவிடலாமா?

என்.ஐ.பி.டி. என்பது தாயின் ரத்தத்தில் உள்ள மரபணுத் துணுக்குகளைப் பார்க்கும் பரிசோதனை. இந்த 99 சதவீதம் எதைக் குறிக்கிறது என்பதில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 100 கர்ப்பங்களில் சுமார் 99ஐ இந்தப் பரிசோதனை பிடித்துவிடும் என்பதே அதன் பொருள். ‘பாசிட்டிவ்’ வந்த 100 பேரில் 99 பேருக்கு நோய் இருக்கும் என்பது அதன் பொருளன்று.

ஒரு கணக்கைப் பாருங்கள். வாய்ப்பு 1000இல் ஒன்றாக உள்ள இளம் தாய்மார்கள் 10,000 பேர் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்கிறார்கள் என்று கொள்வோம். அவர்களில் 10 பேரின் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும். அந்தப் பத்தும் பெரும்பாலும் பிடிபடும். நோய் இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் வந்தாலும் அது இன்னொரு 10 பேர். ஆக, பாசிட்டிவ் வந்த 20 பேரில் பாதிப் பேரின் குழந்தைக்கு ஒன்றுமில்லை. இதே கணக்கை 40 வயதுத் தாய்மார்களுக்குப் போட்டால் 10,000 பேரில் 100 பேருக்கு உண்மையாகவே இருக்கும், தவறான பாசிட்டிவ் அதே பத்துதான். அங்கே பாசிட்டிவ் என்பது பத்தில் ஒன்பது பங்கு உண்மை. ஒரே பரிசோதனை, ஒரே விடை. தாயின் வயதுக்கேற்ப அதன் பொருள் மாறுகிறது.

மேலும், தாயின் ரத்தத்தில் அளக்கப்படும் மரபணுத் துணுக்குகள் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. அரிதாக நஞ்சுக்கொடியில் உள்ள மாற்றம் குழந்தையிடம் இருக்காது. எனவே நெகட்டிவ் வந்தால் நிம்மதி கொள்ளலாம். பாசிட்டிவ் வந்தால் பனிக்குட நீரைச் சோதிக்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. என்.ஐ.பி.டி. செய்துவிட்டோம் என்று 18 முதல் 20 வாரத்தில் எடுக்க வேண்டிய உறுப்புகள் ஸ்கேனை விட்டுவிடவும் கூடாது.

மார்த்தாண்டத்திலிருந்து: வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கரு கலைந்துவிடாதா?

அனுபவமுள்ளவர் ஸ்கேன் பார்த்தபடி செய்யும்போது, அதனால் கூடுதலாகக் கலையும் வாய்ப்பு 200இல் ஒன்றுக்கும் குறைவு. 15 வாரம் முடிந்த பிறகு பனிக்குட நீரை எடுப்பார்கள். அதற்கு முன்பே தெரிய வேண்டுமானால் 11 முதல் 14 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவை எடுக்கலாம். முதற்கட்ட விடை சில நாட்களிலும், செல்களை வளர்த்துப் பார்க்கும் முழு விடை இரண்டு மூன்று வாரங்களிலும் வரும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்தால் தாயின் உடல் கருவின் ரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட வேண்டும். இதை நீங்களே நினைவூட்டுங்கள்.

குளச்சலிலிருந்து: நாங்கள் கத்தோலிக்கர்கள். எப்படிப்பட்ட பிள்ளையாக இருந்தாலும் கலைக்க மாட்டோம் என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம். பிறகு எதற்கு இந்தப் பரிசோதனைகள் என்று கேட்டால் மருத்துவமனையில் கோபப்படுகிறார்கள்.

உங்கள் முடிவு உங்களுடையது. அதற்காகக் கோபப்படும் உரிமை எந்த மருத்துவருக்கும் இல்லை. நீங்கள் கையெழுத்திட்டு மறுத்தாலும் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய கவனிப்பில் ஒரு குறையும் வரக் கூடாது.

ஆயினும் பரிசோதனை என்பது கலைப்பதற்கான முதல் படி என்று நினைத்து அதை முழுவதும் தள்ளிவிடாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு இதயத்தில் குறை இருக்கும். சிலருக்குச் சிறுகுடலின் தொடக்கத்தில் அடைப்பு இருக்கும். இதை முன்கூட்டியே அறிந்த தாய், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். எட்வர்ட்ஸ், பட்டாவ் எனப்படும் 18ஆம், 13ஆம் குரோமோசோம் கோளாறுகளில் பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டைக் கடப்பதில்லை. அத்தகைய செய்தியைப் பிரசவ அறையில் கேட்பதற்கும், கணவரும் குடும்பமும் பங்குத்தந்தையும் அருகிருக்க முன்பே அறிந்து அந்தக் குழந்தையை வரவேற்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. ஊசிப் பரிசோதனை வேண்டாம் என்றால் வேண்டாம், என்.டி. ஸ்கேனும், 20ஆவது வார ஸ்கேனும், தேவைப்பட்டால் கருவின் இதயத்துக்கான எக்கோ ஸ்கேனும் குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லாதவை. அவற்றைச் செய்துகொள்ளுங்கள்.

மணவாளக்குறிச்சியிலிருந்து: எங்கள் கடற்கரையில் கருமணல் கதிர்வீச்சு உண்டு. அதனால்தான் இப்படிப்பட்ட குழந்தைகள் பிறக்கிறார்கள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பெண் கொடுக்கவே யோசிக்கிறார்கள்.

உங்கள் மணலில் மோனசைட் இருப்பதும், அதிலுள்ள தோரியத்தால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகமாக இருப்பதும் உண்மை. இந்த ஐயத்துக்கு அறிவியல் வரலாறும் உண்டு. இதே வகை மணல் கொண்ட கேரளக் கடற்கரையில் டில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் செய்து, 1976இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, கதிர்வீச்சு மிகுந்த பகுதியில் டவுன் சிண்ட்ரோம் அதிகம் என்று கூறியது. ஆனால் அங்கே காணப்பட்ட விகிதம் உலகில் எங்கும் காணப்படும் அளவை ஒட்டியே இருந்தது. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட ஊர்களில் ஒருவருக்குக்கூட இல்லாததால்தான் வேறுபாடு பெரிதாகத் தெரிந்தது என்ற மறுப்பு அப்போதே எழுந்தது. பின்னர் 1995 முதல் கொல்லம் மாவட்டக் கடலோரப் பகுதியின் மருத்துவமனைகளில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பதிவு செய்து பார்த்தபோது, கதிர்வீச்சு அளவுக்கும் டவுன் சிண்ட்ரோமுக்கும் தொடர்பு தென்படவில்லை. தாயின் வயதுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு எல்லா ஊர்களிலும் உள்ளதுதான்.

ஆகவே மணவாளக்குறிச்சிப் பெண்ணுக்கும் கடற்கரையில் இல்லாத பூதப்பாண்டிப் பெண்ணுக்கும் ஒரே வயதில் ஒரே வாய்ப்பு என்றுதான் நான் ஆலோசனை சொல்வேன். ஊரைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் திருமணத்தைத் தடுப்பது அநியாயம்.

ஆரல்வாய்மொழியிலிருந்து: அத்தை மகனைத் திருமணம் செய்திருக்கிறேன். டவுன் சிண்ட்ரோம் வருமா?

சொந்தத்தில் திருமணம் செய்வதால் டவுன் சிண்ட்ரோமின் வாய்ப்பு கூடுவதில்லை. பிறவிக் காது கேளாமை, தலசீமியா என்னும் ரத்தக் கோளாறு, சில வளர்சிதை மாற்றக் கோளாறுகள் போன்றவை கூடலாம். அவை தனிப் பொருள். குடும்பத்தில் யாருக்கேனும் அவ்வாறு இருந்தால் கருவுறுவதற்கு முன்பே மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

குலசேகரத்திலிருந்து: என் முதல் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவன் பிறந்தபோது எனக்கு 24 வயதுதான். மாமியார் என் குடும்பத்து ரத்தம் என்கிறார். இரண்டாவது குழந்தைக்கும் அப்படி வருமா?

இளம் தாய்க்கு இது வராது என்ற எண்ணமே தவறு. ஒவ்வொரு தாய்க்கும் உள்ள வாய்ப்பு குறைவாக இருந்தாலும், பிரசவங்களில் பெரும்பான்மை இளம் தாய்மார்களுடையது என்பதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் 35 வயதுக்குட்பட்ட தாய்மாருக்கே பிறக்கிறார்கள்.

மகனுக்குக் குரோமோசோம் பரிசோதனை செய்த தாள் இருக்கிறதா? எல்லாமே அதில்தான் இருக்கிறது. 100இல் சுமார் 95 குழந்தைகளுக்கு மூன்று தனித்தனி 21ஆம் குரோமோசோம்கள் இருக்கும்; இது தற்செயலாக நிகழ்வது, எந்தக் குடும்பத்து ரத்தமும் இல்லை; அடுத்த குழந்தைக்கான வாய்ப்பு சுமார் 100இல் ஒன்று. 100இல் மூன்று நான்கு பேருக்குக் கூடுதல் 21 மற்றொரு குரோமோசோமுடன் ஒட்டியிருக்கும். அப்போது மட்டும் உங்கள் இருவரையும் சோதிக்க வேண்டும். ஏனெனில் பெற்றோரில் ஒருவர் எந்த நோயும் இல்லாமல் அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம், அது தந்தையாகவும் இருக்கலாம். தாயிடம் இருந்தால் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம். தந்தையிடம் இருந்தால் பெரும்பாலும் ஓரிரு சதவீதமே. இதைப் பார்க்காமல் யார் மீதும் பழி சொல்வதற்கு இடமில்லை. பார்த்த பிறகும் இல்லை. நம் குரோமோசோம்களை நாமே தேர்ந்து எடுத்துக்கொண்டு பிறக்கவில்லை.

திங்கள்சந்தையிலிருந்து: வயது 41. இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. வேறொருவரின் கருமுட்டையைப் பெறச் சொல்கிறார்கள்.

முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் குரோமோசோம் கோளாறே காரணம்; வயது ஏறும்போது அந்தப் பங்கும் ஏறுகிறது. ஆயினும் தைராய்டு, சர்க்கரை, ரத்தம் உறையும் கோளாறு, கருப்பையின் அமைப்பு, உங்கள் இருவரின் குரோமோசோம்கள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். தானமாகப் பெறும் முட்டையில் குரோமோசோம் வாய்ப்பு கொடுப்பவரின் வயதைச் சார்ந்தது. செயற்கைக் கருத்தரிப்பை முறைப்படுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். ஆனால் கர்ப்பகால ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உங்கள் வயதையே சார்ந்தவை. அவை இளையவரின் முட்டையால் குறைவதில்லை. இதைச் சொல்லாமல் பணம் வாங்குவது முறையன்று.

அழகியமண்டபத்திலிருந்து: 22 வாரத்தில் குறை தெரிந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, குழந்தைக்குக் கடுமையான குறை இருந்தால் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலுடன் கருக்கலைப்பு செய்யலாம்; அதற்குப் பிறகு அரசின் மருத்துவக் குழு முடிவு செய்ய வேண்டும். டவுன் சிண்ட்ரோமுடன் வாழ்பவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் சந்தித்துப் பேசிய பிறகு முடிவெடுங்கள் என்பது என் வேண்டுகோள். குரோமோசோம் பரிசோதனையின் பெயரால் ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம்.

முட்டத்திலிருந்து ஒரு தந்தை: மகள் பிறந்து இரண்டு மாதம். டவுன் சிண்ட்ரோம் என்று உறுதியாகிவிட்டது. நான் கடலுக்குப் போகிறவன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

இதயத்திலிருந்து தொடங்குங்கள் அண்ணே. எக்கோ எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். முணுமுணுப்பு ஒலி கேட்கவில்லை, குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னாலும் எக்கோ தேவை. அங்கேயே தைராய்டு ரத்தப் பரிசோதனை, காது, கண் பரிசோதனைகளையும் செய்துகொள்ளலாம். தைராய்டை ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். தடுப்பூசிகள் மற்றக் குழந்தைகளுக்குப் போல உரிய நாளில் போடப்பட வேண்டும்.

தசைகள் தளர்வாக இருப்பதால் தாய்ப்பால் உறிஞ்சச் சிரமப்படுவாள். பொறுமையாக, தலையையும் தாடையையும் தாங்கிப் பிடித்துக் கொடுத்தால் பழகிக்கொள்வாள். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இயன்முறைப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் இலவசமாகக் கிடைக்கும். அவற்றை மூன்று வயதில் அல்ல, இப்போதே தொடங்க வேண்டும். நடப்பதற்கு இரண்டு வயதாகலாம், நடப்பாள். பேசுவதற்கு இன்னும் நாளாகலாம். பள்ளிக்குப் போகும் உரிமை அவளுக்குச் சட்டப்படி உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும்.

எக்கோவில் இதயத்தில் பெரிய துளை இருப்பதாகத் தெரிந்தால், குழந்தை கொஞ்சம் பெரிதாகட்டும் என்று யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள். இந்தக் குழந்தைகளின் நுரையீரல் ரத்தக் குழாய்கள் விரைவாகக் கெட்டுப்போவதால், இத்தகைய துளைகளுக்குப் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. காலம் கடந்தால் செய்யவே முடியாத நிலை வந்துவிடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு செல்லுங்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துக்குப் போவதாக இருந்தால், ஆசாரிபள்ளத்திலேயே பரிந்துரைக் கடிதமும் எக்கோ பதிவும் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.