இடுப்பு டிஸ்க் விலகல்: ஊசியா, அறுவையா, பொறுத்திருப்பதா?

இடுப்பு டிஸ்க் விலகல், அதாவது நம் பக்கத்தில் சவ்வு விலகல் என்று சொல்லப்படும் தொல்லை குறித்து, பழைய வட ஆற்காடு வட்டாரத்தினர் கேட்ட கேள்விகளுக்கு வேலூரில் தண்டுவட நோயாளிகளைப் பார்த்துவரும் எலும்பியல் மருத்துவர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (காட்பாடி): என் மனைவிக்கு டிஸ்க் விலகல் இருக்கிறது. நேற்று மாலையிலிருந்து இரண்டு கால்களும் மரத்துப்போய், சிறுநீர் வருவதே தெரியவில்லை என்கிறாள். திங்கட்கிழமை மருத்துவரிடம் காட்டலாமா?

பதில்: மற்றக் கேள்விகளுக்கு முன் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள், ஐயா; 108-ஐ அழைத்து, தண்டுவட அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு இப்போதே கொண்டுசெல்லுங்கள். சிறுநீர், மலம் கழிக்கும் உணர்வு குறைவதும், உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவதும், தண்டுவடத்தின் கீழ்நுனியிலுள்ள நரம்புக் கொத்து முழுவதும் நசுங்குவதற்கான அறிகுறிகள். தாமதமானால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும்.

கேள்வி (ஆம்பூர்): ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன், வயது 34. ஒரு மாதமாக இடுப்பிலிருந்து இடது பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு, டிஸ்க் பெரிதாகப் பிதுங்கியிருப்பதால் ஆபரேஷன்தான் வழி என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

பதில்: படத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய முடியாது, அம்மா. வலியே இல்லாதவர்களின் படங்களைத் தொகுத்து 2015-இல் வெளியான ஆய்வொன்றில், 20 வயதினரில் ஏறத்தாழ 30 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. படத்தில் தெரிவதும் உங்கள் காலில் நடப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே மருத்துவரின் வேலை. டிஸ்கின் வெளிவளையம் கிழிந்து உள்ளிருக்கும் கூழ் வெளியேறும்போது, அது நரம்பு வேரை அழுத்துவதோடு அங்கே அழற்சியையும் உண்டாக்குகிறது. இரண்டும் சேர்ந்துதான் கால்வரை வலி இறங்குகிறது. வெளியே வந்த அந்தத் துண்டை உடலின் எதிர்ப்பு அணுக்களே மெல்ல அரித்துக் கரைக்கின்றன என்பதும், சிறிய புடைப்பைவிட முழுவதுமாக வெளியேறிய பெரிய துண்டே பெரும்பாலும் நன்றாகக் கரைகிறது என்பதும் பலரும் அறியாத நல்ல செய்தி. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் கால்வலி வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

இன்று வீட்டில் சுவரோரமாக நின்று, முதலில் குதிகால்களை மட்டும் ஊன்றிச் சில அடிகள் நடந்து பாருங்கள். பிறகு முன்பாதங்களால் நடந்து பாருங்கள். இரண்டு கால்களும் சமமாகத் தாங்கினால், மருத்துவர் தரும் மாத்திரையோடும் இயன்முறைப் பயிற்சியோடும் பொறுத்திருக்கலாம். இடது பாதம் தொங்கினாலோ, பலம் நாளுக்கு நாள் குறைந்தாலோ உடனே வந்துவிடுங்கள். நாள்கணக்கில் படுத்தே இருப்பது நல்லதன்று. தாங்குமளவு நடங்கள், தையல் மெஷினில் தொடர்ந்து உட்காராமல் அரை மணிக்கொருமுறை எழுந்து நில்லுங்கள்.

கேள்வி (ஆரணி): அப்பா பட்டு நெசவாளர், தறிக்குழியில் உட்கார்ந்தே முதுகு போய்விட்டது. சர்க்கரையும் உண்டு. முதுகில் ஊசி போட்டால் குணமாகுமா?

பதில்: அந்த ஊசியில் இருப்பது ஸ்டீராய்டு மருந்து. நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியைத் தணித்து, கால்வலியைச் சில வாரங்களுக்குக் குறைக்கும். டிஸ்க்கைப் பழைய இடத்திற்குக் கொண்டுசெல்லாது. வலி குறைந்திருக்கும் அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கினால்தான் ஊசியால் பயன். ஊசிக்குப் பின் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்பதால் அடிக்கடி சோதிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் தாமாக வலி மாத்திரை வாங்கிப் பல மாதம் விழுங்குவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகம் அதைத் தாங்காது.

கேள்வி (குடியாத்தம்): புத்தூர் கட்டு போட்டால் சரியாகுமா?

பதில்: கட்டு என்பது முறிந்த எலும்பை அசையாமல் வைப்பதற்கு. டிஸ்க் விலகலுக்கு அது பயன்படாது. காலில் பலம் குறைந்திருக்கும்போது யாரையும் முதுகை நெட்டி முறிக்க விடாதீர்கள்.

கேள்வி (இராணிப்பேட்டை): லோடு ஏற்றும் வேலை. நான்கு மாதமாக மருந்து, பயிற்சி, ஊசி எல்லாம் பார்த்தும் கால்வலி விடவில்லை. ஆபரேஷன் செய்தால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்கள்.

பதில்: இவ்வளவு காலம் முறையாகச் சிகிச்சை எடுத்தும் தீராத கால்வலிக்கு, படமும் பரிசோதனையும் ஒத்துப்போனால், அறுவை சிகிச்சை நல்ல வழியே. சில சென்டிமீட்டர் கீறலில், நுண்ணோக்கியின் உதவியோடு, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பார்கள். பெரும்பாலும் மறுநாளுக்குள் நடக்க வைத்துவிடுவார்கள். நரம்புக் காயம், தண்டுவட உறைக் கிழிசல், கிருமித்தொற்று ஆகியவை நேரக்கூடும் என்றாலும், கால் விளங்காமல் போவது மிக அரிது. நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் தீர்ந்தது. ஆனால் ஓராண்டு முடிவில், முதலில் பொறுத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் அறுவை செய்துகொண்டவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். அறுவை கால்வலிக்குத்தான் நன்றாக உதவும். இடுப்புவலி ஓரளவு தங்கக்கூடும், சிலருக்கு அதே டிஸ்க் மீண்டும் பிதுங்கவும் செய்யும். பீடி, சிகரெட் பழக்கமிருந்தால் இன்றே நிறுத்துங்கள். செலவைப் பற்றி, முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். மூட்டை தூக்கும் வேலைக்கு எப்போது திரும்பலாம் என்பதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, முதல் சில மாதங்களுக்கு மேஸ்திரியிடம் இலகுவான வேலையாகப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.