மன்சிகெர்ட் தோல்வியால் மட்டுமா பைசாந்தியம் அனத்தோலியாவை இழந்தது?

அனத்தோலியா என்பது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியப் பேரரசுக்கு, அதாவது கிழக்கு ரோமப் பேரரசுக்கு, வரியும் படைவீரர்களும் பெருமளவு அங்கிருந்துதான் கிடைத்தன.

1071 ஆகஸ்டில், வான் ஏரிக்கு வடக்கே மன்சிகெர்ட்டில், செல்ஜுக் துருக்கியர்களின் சுல்தான் அல்ப் அர்ஸ்லான் பேரரசர் நான்காம் ரோமானோஸைத் தோற்கடித்துச் சிறைபிடித்தார். ஆனால் அவர் அனத்தோலியா முழுவதையும் கேட்கவில்லை. மீட்புப் பணம் பேசி, சில நாட்களிலேயே பேரரசரை விட்டுவிட்டார்.

உண்மையான சேதம் அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடந்தது. தலைநகரில் அவருக்கு எதிராக இருந்த டூகாஸ் என்ற பிரபுக் குடும்பம் ரோமானோஸைப் பதவியிலிருந்து இறக்கி, உள்நாட்டுப் போரில் பிடித்து, 1072இல் கண்களைக் குருடாக்கியது. அடுத்த சில ஆண்டுகள் தளபதிகள் அரியணைக்கு அடித்துக்கொண்டார்கள். கொடுமை என்னவென்றால், எதிராளியை அடக்க அவர்கள் கூலிக்கு அழைத்ததே துருக்கியக் குதிரைப்படையைத்தான். நகரங்களுக்குக் காவல் வைத்ததும் அவர்களையே. பங்காளிகள் வரப்புத் தகராறுக்கு அடியாள் கூட்டிவந்தால், கடைசியில் அவன் தோட்டத்திலேயே குடிசை போட்டுவிடுவான் அல்லவா? கான்ஸ்டான்டிநோபிளுக்கு அருகிலிருந்த நிக்கேயா நகரம் அப்படித்தான் துருக்கியரிடம் கைமாறியது.

நடு மேட்டுநிலத்தின் புல்வெளியோ மந்தைகளோடு வந்த துர்க்மென் என்ற துருக்கிய நாடோடி மக்களுக்குத் தோதாக அமைந்துவிட்டது. 1097இல் நிக்கேயா மீண்டது, மேட்டுநிலம் மீளவில்லை. 1176இல் பேரரசர் மானுவேல் அதை மீட்க முயன்றும், மிரியோகெஃபாலோன் போரில் செல்ஜுக்குகளிடம் தோற்றார்.

மன்சிகெர்ட்டில் பைசாந்தியப் படை அடியோடு அழிந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பின்வரிசைக்குத் தலைமை தாங்கிய ஆந்த்ரோனிகோஸ் டூகாஸ், பேரரசரைக் காப்பாற்ற முன்வராமல், தன் பிரிவோடு களத்தைவிட்டே கிளம்பிவிட்டார்.