நாற்பதாயிரம் ரூபாய் ஓவர்டிராஃப்டும் தாய்மாமன் சீரும்

வணக்கம் சார்,

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல், வயது 23. பிடித்தம் போகக் கைக்கு வருவது 21,400 ரூபாய். வீட்டுக்கு 8,000, ரூம் வாடகைப் பங்கு 2,500, மெஸ்ஸுக்கு 4,500, பைக் இஎம்ஐ 3,650. மீதியில் பெட்ரோல், ரீசார்ஜ், ஊருக்குப் போகும் பஸ் செலவு. இஎம்ஐ 28-ஆம் தேதி எடுக்கிறார்கள், சம்பளம் 1-ஆம் தேதிதான். தொடர்ந்து இரண்டு மாதம் பவுன்ஸ் ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் பைனான்ஸும் பேங்க்கும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் பிடித்துவிட்டார்கள்.

இப்போது பேங்க் ஆப்பில், 40,000 ரூபாய் ஓவர்டிராஃப்ட் (ஓடி) தயார் என்று வருகிறது. வட்டி 16 சதவிகிதம், வருடக் கட்டணம் 500 ரூபாயும் ஜிஎஸ்டியும். தை மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் நான்தான் செய்ய வேண்டும். கம்மல், துணி, தட்டு எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் ஆகும் போலிருக்கிறது. ரூம் பசங்க எடுத்துக்கோ என்கிறார்கள். அப்பா பேங்க் கடனே வேண்டாம் என்கிறார். என் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது, நீட்டிப்பார்கள் என்றுதான் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

மு., ஒரகடம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இஎம்ஐக்கு ஓடி போடலாமா என்பது ஒன்று, சீருக்குப் போடலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்குப் போடலாம் என்பேன். இரண்டாவதற்கு வேண்டாம்.

ஓடி என்பது கணக்கில் காசு இல்லாவிட்டாலும் ஒரு லிமிட் வரை பேங்க் எடுக்க விடும் கடன். முதலில் வட்டிக் கணக்கு. ஓடியில் லிமிட் முழுவதற்கும் வட்டி கிடையாது. எடுத்த தொகைக்கு, எடுத்த நாட்களுக்கு மட்டும்தான். தினமும் கணக்கிட்டு மாதக் கடைசியில் பிடிப்பார்கள். 28-ஆம் தேதி கணக்கில் காசே இல்லாமல் 3,650 ரூபாய் ஓடியிலிருந்து போகிறது என்று வையுங்கள். 16 சதவிகிதத்தில் ஒரு நாள் வட்டி 1 ரூபாய் 60 காசு. 1-ஆம் தேதி சம்பளம் ஏறியதும் அந்தக் கடன் அடைந்துவிடும். நாலு நாள் என்று வைத்தாலும் 6 ரூபாய் 40 காசு. அதே இடத்தில் பவுன்ஸ் ஆனால் ஆயிரத்துக்கு மேல் போகிறது, சிபில் என்கிற கடன் மதிப்பெண்ணிலும் கறை விழலாம். வருடக் கட்டணம் ஜிஎஸ்டியோடு 590 ரூபாய். ஒரே ஒரு பவுன்ஸைத் தவிர்த்தாலே அது தேறிவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று செய்யுங்கள். பைனான்ஸ் ஆபீஸுக்குப் போய் இஎம்ஐ தேதியை 5-க்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். பல கம்பெனிகள் எழுதிக் கொடுத்தால் மாற்றித் தருகின்றன, சிலர் சிறிய கட்டணம் கேட்பார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு ஓடியே தேவைப்படாது.

இனி சீர் விஷயம். இங்கே எனக்குப் பயம் வட்டி அல்ல. தை மாதம் லிமிட் முழுவதையும் எடுத்துவிடுகிறீர்கள், கணக்கு மைனஸ் 40,000. பிப்ரவரி 1-ஆம் தேதி சம்பளம் 21,400 வந்து விழுகிறது. மெசேஜில் வரவு என்றுதான் இருக்கும், ஆனால் உண்மையில் கணக்கு மைனஸ் 18,600-இல் நிற்கிறது. வீடு, ரூம், மெஸ், பெட்ரோல் எல்லாவற்றுக்கும் மறுபடி அதே ஓடியிலிருந்துதான் எடுப்பீர்கள். சம்பளம் மொத்தமும் செலவாகிறவர் நீங்கள் என்பதால் 28-ஆம் தேதி வரும்போது மறுபடி லிமிட்டின் விளிம்பில் இருப்பீர்கள். நடுவில் பேங்க் பிடித்த வட்டி நானூறோ ஐநூறோ அந்த லிமிட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அந்தச் சில நூறு ரூபாய் குறைவதால் பைக் இஎம்ஐ மறுபடி பவுன்ஸ் ஆகும். எதற்காக ஓடி எடுக்க நினைத்தீர்களோ அதற்கே அது உதவாமல் போகும். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது. ஒரு வருடம் இப்படியே ஓடினால் வட்டி மட்டும் ஆறாயிரத்தைத் தொடும்.

இதைவிடப் பெரியது மார்ச். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தக் கடைசி வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சம்பள ஓடி என்பது உங்கள் சம்பளத்தை நம்பிக் கொடுப்பது. பேங்க் கேட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் அது. சம்பளம் வருவது நின்றால் லிமிட்டை நிறுத்தி மொத்தத்தையும் கேட்கலாம். 90 நாள் தொடர்ந்து கணக்கில் வரவே இல்லை என்றால் அது வாராக்கடன். நீட்டிப்பு ஆர்டர் கையில் இல்லாமல், தையில் நாற்பதாயிரம் எடுத்துவிட்டு மார்ச்சில் வேலை தேடப் போக வேண்டாம், தம்பி. அந்த நிலையில் பையன்கள் முதல் கிடைத்த வேலைக்குக் குறைந்த சம்பளத்தில் தலையாட்டிவிடுகிறார்கள். பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அது ஆறவே ஆறாத வருத்தம்.

அப்பா சொல்வதில் பாதி சரி. ஆனால் பேங்க் வேண்டாம் என்று மீட்டர் வட்டிக்காரரிடமோ லோன் ஆப்பிலோ போய் விழுந்துவிடாதீர்கள், அதற்கு இந்த ஓடி ஆயிரம் மடங்கு மேல்.

அக்காவிடம் பேசுங்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துகிறோம், அந்த மடிக்குக் கடன் எதற்கு? இப்போது கம்மல் மட்டும், அதுவும் சின்னதாக. தட்டு வரிசையை ஊரில் யாரும் எண்ணிப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். சடங்குக்குச் செய்ய இன்னும் பத்து வருடம் இருக்கிறது. அப்படியும் கூடாது, செய்தே ஆக வேண்டும் என்று வீட்டில் நின்றால், இருக்கும் நகையில் ஒன்றை ஊர்க் கூட்டுறவு சங்கத்திலோ பேங்க்கிலோ வைப்பது மேல். வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு, உங்கள் வேலை போனாலும் தவணை முடியும்வரை அந்தக் கடன் கழுத்தைப் பிடிக்காது. மீட்கிற பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

தேதி மாற்ற முடியாமல் ஓடி எடுப்பதாக இருந்தால் ஆப்பில் காட்டும் 40,000-ஐ அப்படியே ஏற்காதீர்கள். 5,000 போதும். ஆப்பில் குறைக்க முடியாவிட்டால் கிளையில் எழுதிக் கொடுங்கள். இதில் ஏன் பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், பல ஆப்களில் ‘கிடைக்கும் இருப்பு’ என்று காட்டும் தொகையில் ஓடி லிமிட்டும் சேர்ந்தே இருக்கும். 2018-இல் வந்த யூபிஐ 2.0-க்குப் பிறகு ஓவர்டிராஃப்ட் கணக்கையும் யூபிஐயில் இணைக்கலாம். டீக்கடையில் ஸ்கேன் செய்யும்போது போவது சம்பளமா கடனா என்று போன் உங்களிடம் கேட்காது. லிமிட் 5,000 என்றால் கை தவறினாலும் ஒரு சம்பளத்தில் எழுந்துவிடலாம்.

அக்காவிடம் இந்த ஞாயிறே பேசிவிடுங்கள். கம்மலுக்கு ஆர்டர் கொடுத்த பிறகு பேசினால் அவருக்கும் சங்கடம்.