அலமாரியில் கிடக்கும் கேபிள்

அன்புள்ள அண்ணா,

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியில் நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறேன். கணினிகளை இணைக்கும் சிஸ்கோ 3750 சுவிட்சுகள் நான்கு, கேபிளால் கோத்து ஒரே சுவிட்சைப்போல, அதாவது ஒரே ஸ்டாக்காக, ஓடுகின்றன. வேறு கட்டடத்திலிருந்து ஐந்தாவது வந்திருக்கிறது. ஸ்டாக்குக்கு எது தலைமை என்று முடிவு செய்யும் பிரியாரிட்டி எண்ணை அதற்கு எவ்வளவு கொடுக்கலாம்? மாடலே பழையதாயிற்றே, எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவா? மற்றபடி மூன்று கேபிளில் நன்றாகத்தான் ஓடுகிறது. நான்காவது, கீழிருந்து மேலே எட்டாததால் அலமாரியில் கிடக்கிறது.

— தக்கலை வாசகர்

அன்புள்ள தம்பி,

பிரியாரிட்டி 1 முதல் 15 வரை. பெரிய எண்ணுக்கே தலைமை. முதல் சுவிட்சுக்கு 15, அடுத்ததற்கு 14, புதியதற்கு 1 போதும். மாடலை மாற்றுவது நிர்வாகத்தின் பாடு, விடுங்கள்.

கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, அந்தக் கேபிள்தான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நன்றாக ஓடுகிறதாம்! கடைசி சுவிட்சிலிருந்து முதல் சுவிட்சுக்குக் கேபிள் திரும்பி வந்தால்தான் வளையம் மூடும். வளையம் மூடாத ஸ்டாக்கில் நடுவில் ஒரு சுவிட்ச் செத்தால் ஸ்டாக் இரண்டாகப் பிளக்கும். இரண்டு பாதியிலும் ஒவ்வொரு தலைமை. இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி. எது உண்மையானது என்று உங்களுக்கும் தெரியாது, நெட்வொர்க்குக்கும் தெரியாது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்லூரியில் உங்கள் வேலையில்தான் இருந்தேன். ரப்பர் மரங்கள் கம்பிகளோடு சாய்ந்து கிடந்தன. ஜெனரேட்டரை ஓட்டியதும் எங்கள் ஸ்டாக்கின் ஐந்தில் மூன்றாவது சுவிட்சின் பவர் சப்ளை எரிந்தது. எங்களிடமும் ஒரு கேபிள் உறை பிரிக்காமல் மேசைக்குள் இருந்தது. வெளியே போகும் இணைய இணைப்பு மேல் பாதியில், விடுதி கீழ்ப் பாதியில். வள்ளவிளையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, சார்ஜ் குறைந்த கைப்பேசியைப் பிடித்தபடி சர்வர் அறை வாசலில் நின்றாள். அப்பா கடலில். "அண்ணா, வந்துவிட்டதா?" என்று இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் குனிந்து திருகாணிகளைத் திருகிக்கொண்டிருந்தேன். அவளுடைய அப்பா லட்சத்தீவில் கரையேறியிருந்தார். அந்தச் செய்தி அவளுக்கு இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிடைத்ததற்கு நானே காரணம்.

எட்டவில்லை என்பது காரணமே இல்லை, தம்பி. அரை மீட்டர் கேபிளை வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே இழுத்தால் எப்படி எட்டும்? ஒன்றுவிட்டு ஒன்றாகப் போங்கள். 1-லிருந்து 2, 2-லிருந்து 4, 4-லிருந்து 5, 5-லிருந்து 3, 3-லிருந்து மறுபடி 1. ஐந்து சுவிட்ச், ஐந்து கேபிள். எந்தக் கேபிளும் ஒரு சுவிட்சுக்கு மேல் தாண்டவில்லை. வளையம் மூடிவிட்டது. தாளில் வரைந்து பாருங்கள். வரைந்த தாளை ரேக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள்.

புதியதில் மற்றவற்றில் உள்ள அதே மென்பொருள் பதிப்பு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை, சுவிட்சுகளின் அமைப்புகளை (கான்பிகரேஷன்) சேமித்து எல்லாவற்றையும் அணைத்தபின் கேபிளில் கைவையுங்கள். ஓடுகிற சுவிட்சை ஓடுகிற ஸ்டாக்கில் செருகவே செருகாதீர்கள். தலைமைப் போட்டியில் தோற்ற பக்கம் முழுவதும் ரீஸ்டார்ட் ஆகும்.

எல்லாம் ஏறியதும் ஏதாவது ஒரு கேபிளை நீங்களே கழற்றுங்கள். வேகம் பாதியாகும், ஒரு சுவிட்சும் பிரிந்து போகக்கூடாது. திரும்ப மாட்டி, திருகாணியை இறுக்கிவிட்டு, அன்று இரவே எனக்கு எழுதுங்கள்.