குன்னூர் அண்ணனுக்கு: தோட்டத்தை அடகு வைக்க வேண்டாம்

அண்ணா, வணக்கம். பத்தொன்பது வயது மகனை ஒரு வருடம் எம்15 டென்னிஸ் போட்டிகளுக்கு அனுப்ப, அரை ஏக்கர் தேயிலையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் கோத்தகிரிக்காரன், இரண்டு வருடம் அந்தப் போட்டிகளில் ஆடியவன். தயவுசெய்து வைக்காதீர்கள்.

எம்15 என்றால் ஆண்களுக்கான சர்வதேசத் தொழில்முறைப் போட்டிகளில் அடிமட்டம்; மொத்தப் பரிசே 15,000 டாலர். ஒற்றையர் பட்டம் வென்றால் சுமார் 2,160 டாலர், 15 உலகத் தரவரிசைப் புள்ளி. முதல் சுற்றில் தோற்றால் ஏறக்குறைய 156 டாலர், புள்ளியே கிடையாது. ரயில், அறை, சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு. இந்தியாவின் முதல்நிலை வீரராக இருந்த சுமித் நாகலே, தன் கணக்கில் 900 யூரோதான் இருக்கிறது என்று 2023-ல் சொன்னார்.

அதற்காக மகனை நிறுத்தியும் விடாதீர்கள். முதலில் நான்கு மாதம் இந்தியாவில் நடக்கும் போட்டிகள் மட்டும் போதும். இரட்டையரிலும் பெயர் கொடுக்கட்டும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். போட்டிக்கு மூன்று வாரம் முன்பே சமவெளிக்கு இறக்கிவிடுங்கள். குன்னூர் 1,850 மீட்டர் உயரம். காற்று லேசு, பந்து பறக்கும். அதை அடக்க மட்டையில் ஸ்ட்ரிங்கை (நரம்பை) இறுக்கிக் கட்டியே பழகியிருப்பார். அதே இறுக்கத்தோடு சென்னையில் ஆடிய எனக்கு முதல் நாள், பேஸ்லைன் (ஆடுகளத்தின் கடைசிக் கோடு) ஓரம் விழ வேண்டிய ஃபோர்ஹேண்ட் அடி எல்லாம் நடுவிலுள்ள சர்வீஸ் கோட்டருகே விழுந்தது. எதிராளி முன்னால் வந்து வந்து அடித்தார். வியர்வையில் பிடி வேறு வழுக்கியது. ஸ்ட்ரிங்கை மூன்று பவுண்டு தளர்த்திய பிறகுதான் பந்து ஆழமாகப் போனது.

பிளஸ் டூ முடித்துவிட்டாரா? அமெரிக்கக் கல்லூரிகளின் டென்னிஸ் உதவித்தொகைக்கும் இப்போதே எழுதிப் போடுங்கள். தாமதித்தால் வாய்ப்பு குறையும்.